அமெரிக்காவுக்குப் போன மொய்

அந்த இன்டர்நெட் பக்கத்துல, புதுசா சேர்றவங்க வழக்கமா செய்யற தப்புன்னு ஒரு பட்டியல் இருந்துச்சு. நான் அத பிரின்ட் எடுத்து, அகராதிய பக்கத்துல வச்சுக்கிட்டு மூணு தடவ வாசிச்சேன். சொந்தக்காரங்ககிட்ட மொதல்ல போகாத. ஒரே விளம்பரத்த எல்லா எடத்துலயும் ஒட்டாத. இவ்வளவு கெடைக்கும்னு தொகை சொல்லாத. வட்டி, லாபம் இந்த மாதிரி பேச்சே வாயில வரக்கூடாது, அன்பளிப்புன்னு மட்டும் சொல்லு. ஒருத்தர் பதில் போட்டா அன்னைக்கே திருப்பி எழுது. இப்படியே ரெண்டு தாளுக்குப் போகும். நான் செஞ்ச பெரிய தப்பு அதுல இல்ல. அத எழுதின ஆளுக்கு எங்க லயத்தப் பத்தி என்ன தெரியும்?

யுத்தம் முடியறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முந்தின கதை இது. எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. மாத்தளை டவுன்ல ஒரு கொமியூனிகேஷன் கடையில வேல பாத்தேன். முன்னாடி ரெண்டு டெலிபோன் பெட்டி, ஒரு போட்டோகொப்பி மெஷின், பின்னாடி பலகைத் தடுப்புக்குள்ள மூணு கம்பியூட்டர். கடை மொதலாளிய நானான்னுதான் கூப்பிடுவோம். டவுன்லயே பொறந்து வளந்த முஸ்லிம் மனுஷன். கோபம் வந்தா சிரிப்பாரு. அதனாலேயே அவரு சிரிச்சா எங்களுக்குப் பயம்.

வீடு, உக்குவளைக்கு மேல ஒரு ரப்பர் தோட்டத்துல. லயம்னா ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒத்த ரூம் காம்பரா, அதுல ஒண்ணுல நானும் அம்மாவும். அப்பா நான் மூணாம் ஆண்டு படிக்கையிலேயே செத்துட்டாரு. அம்மாவுக்குப் பால் வெட்டுற வேல. விடியறதுக்குள்ள பிரட்டுக்குப் போயி ஆள் கணக்குல பேர் குடுத்துட்டு, கத்தியும் வாளியுமா மலையேறணும். முழங்கால் ரெண்டும் போயிருந்துச்சு. ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் "ஆண்டவரே"ன்னு சொல்லும். சாமி கும்பிடுதுன்னு சின்ன வயசுல நெனச்சுக்கிட்டு இருந்தேன், வலின்னு பெறகுதான் தெரிஞ்சுச்சு.

ஒரு நாள் எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. அமெரிக்காவுல ஒரு பொம்பள அனுப்பினது. எனக்குன்னு அனுப்பினாளா, உலகத்துக்கே அனுப்பினாளான்னு அப்ப யோசிக்கத் தெரியல. அவங்க இன்டர்நெட் பக்கத்தோட விலாசமும் அதுலயே இருந்துச்சு. விஷயம் இதுதான்: நான் அவளுக்கு நூத்தம்பது டொலர் சல்லிய அன்பளிப்பா தபால்ல அனுப்பணும். அனுப்பினா என் பேர் அவங்க பட்டியல்ல ஏறும். அப்பறம் நான் இன்டர்நெட்ல விளம்பரம் போட்டு ஆள் சேக்கணும். சேர்ற ஒவ்வொருத்தரும் எனக்கு நூத்தம்பது டொலர் அனுப்புவாங்க. அன்பளிப்புன்னா சட்டத்துல யாரும் கேள்வி கேக்க முடியாதுன்னு பெரிய எழுத்துல போட்டிருந்துச்சு. கேள்வி கேக்க மாட்டாங்கன்னா அத ஏன் அவ்வளவு பெருசா போடணும்? இப்ப கேக்கறேன். அப்ப கேக்கல.

கேக்காததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. எனக்கு அது தெரிஞ்ச சமாச்சாரமா பட்டுச்சு. அட, இது நம்ம மொய்தானேன்னு தோணிச்சு. குடுக்கறோம், சும்மா இருக்கறோம், ஒரு நாள் கூடுதலா திரும்பி வருது.

அம்மாகிட்ட ரெண்டு மொய்க் கொப்பி இருந்துச்சு. வந்த மொய்க்கு ஒண்ணு, செஞ்ச மொய்க்கு ஒண்ணு. வந்த மொய்க் கொப்பி மெலிசு. அப்பா போன பெறகு எங்க வீட்டுல விசேஷம்னு ஒண்ணும் நடக்கல. நான் பெரியவளானப்பக் கூட அம்மா தலைக்குத் தண்ணி ஊத்தினதோட சரி, ஊரக் கூப்பிடல. எல்லாத்தையும் என் கல்யாணத்துக்குன்னு விட்டு வச்சிருந்துச்சு. செஞ்ச மொய்க் கொப்பி தடிப்பு. மொதப் பக்கத்துல மேல ஒரு சிலுவை, கீழ வரிசையா பேர். லயத்துல எந்த வீட்டுல கல்யாணமோ, சடங்கோ, புள்ளைக்கு ஞானஸ்நானமோ, அம்மா போயி மொய் எழுதாம வந்ததில்ல. பதினேழு வருஷம். அரிசி வாங்க இல்லாத வாரமும் எழுதியிருக்கு.

எங்க பக்கம் மொய்க்கு ஒரே சட்டம். ஒன் வீட்டுக்குச் செஞ்சவங்க வீட்டுல விசேஷம்னா, வாங்கினதுக்கு மேல கொஞ்சம் வச்சுத் திருப்பிச் செய்யணும். சீட்டுப் புடிச்சு ஏமாத்தினவனக் கூட நாலு திட்டு திட்டிட்டு விட்டுருவாங்க. மொய் திருப்பாதவன விட மாட்டாங்க, சாவுக்குக் கூட அவன் வாசல்ல நிக்க ஆள் வராது.

அம்மாவோட திட்டம் ஊருக்கே தெரியும். என் கல்யாணத்துல அந்தப் பதினேழு வருஷ மொய்யும் ஒரே நாள்ல திரும்பி வரும். அத வச்சு ரெண்டு கறவ மாடு. சித்தப்பா உக்குவளையில ரோட்டோரத் துண்டுக் காணியில கொட்டில் போட எடம் தர்றேன்னிருந்தாரு. மாட்ட ஓட்டிட்டு வந்த மறுநாளே தோட்டத்துல பேர வெட்டிக்கறது. பேர வெட்டிக்கறதுன்னா வேலைய விட்டு நிக்கிறது, செக்ரோல்ல இருந்து பேர எடுத்துடுவாங்க. "எம்மக கல்யாணத்தோட நான் பேர வெட்டிக்கிட்டுப் போறேன்"ன்னு கணக்கப்பிள்ளைகிட்டயே சொல்லி வச்சிருந்துச்சு. அவரும் பாக்கறப்பல்லாம் "என்ன, மாப்பிள்ளை வந்தாச்சா?"ன்னு கேப்பாரு.

எனக்கு அந்தத் திட்டம் ரொம்ப மெதுவா தெரிஞ்சுச்சு. அமெரிக்காக்காரி வழியில போனா கல்யாணம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஆறு மாசத்துல மாடு வந்துடும்னு கணக்குப் போட்டேன். ஆனா நூத்தம்பது டொலருக்கு எங்க போறது? என் சம்பளத்துல பஸ் காசு போக மிஞ்சினது ரெண்டு சோப்புக் கட்டிக்கு வரும்.

ஒரு ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து, லயத்து வாசல்ல பாய் விரிச்சேன். வெறும் கைய நீட்டிச் சல்லி கேட்டா ஒருத்தியும் தர மாட்டான்னு எனக்குத் தெரியும். அதனால தட்டு எடுத்து வச்சேன். தட்டுல வெத்தல, பாக்கு. பக்கத்துல ஒரு புதுக் கொப்பி, மேல சிலுவை போட்டு. பக்கத்து காம்பரா அத்ததான் மொதல்ல வந்துச்சு. அம்மாவோட ஒரே மலையில பால் வெட்டுற மனுஷி, என்னத் தூக்கி வளத்தது.

"என்னடி புள்ள, கடை போடுறியா?"

"மொய் அத்த. இன்டர்நெட்ல செய்யற மொய். அமெரிக்காவுல ஒரு பொம்பளைக்கு நாம செய்யறோம். பெறகு வேற வேற நாட்டுக்காரங்க நமக்குச் செய்வாங்க. போட்டதுக்கு ரெண்டு மடங்கா தர்றேன்."

"இங்கிலீஷ் படிச்ச புள்ள சொல்ற, சரியாத்தான் இருக்கும். ஒங்கம்மா எம்மக கல்யாணத்துக்குச் செஞ்சவ. ஒன் கையில தராம யார் கையில தரப்போறேன்?"

மறுநாளே தீவாளி அட்வான்ஸ்ல இருந்து ஆயிரம் ரூவா கொண்டாந்து தட்டுல வச்சுச்சு. அத்த வச்சதும் மத்தவங்களும் வச்சாங்க. லயத்துல ஒரு வீடு மிச்சமில்ல, பதினாலு பேரு, ஆளுக்கு ஆயிரம். பேர் எழுதினேன். அச்சு எடுத்த பட்டியல்ல சொந்தக்காரங்ககிட்ட போகாதன்னு இருந்துச்சு, போனேன். தொகை சொல்லாதன்னு இருந்துச்சு, சொன்னேன். அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் சொன்னதுன்னு எனக்கு ஒரு திமிர். வாய் இருந்தா வங்காளம் போகலாம்னு சும்மாவா சொன்னாங்க?

அம்மா அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. எல்லாரும் போன பெறகு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"விசேஷம் இல்லாம மொய்யா? எந்த விசேஷத்துக்குன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"நீ சும்மா இரும்மா. யாரும் கேக்க மாட்டாங்க."

"மொய்யின்னா வாசல்ல பந்தல் இருக்கணும் புள்ள"ன்னுச்சு. சொல்லிட்டு, டொலருக்கு வேண்டிய பதினாறாயிரத்துல கொறஞ்ச ரெண்டாயிரத்த தகரப் பெட்டியில இருந்து எடுத்துத் தந்துச்சு.

டொலர் மாத்தறதுக்கு, கண்டி ரோட்டுல ஒரு ஸ்பைஸ் கார்டன்ல வெள்ளைக்காரங்களுக்கு ஏலமும் வெனிலாவும் காட்டுற ஒருத்தர்கிட்ட போனேன். அவருக்கு டிப்ஸா வந்த நோட்டு. சிலது கறுவா வாசம் அடிச்சுச்சு. நானாகிட்டயும் விஷயத்தச் சொன்னேன், கடைக் கம்பியூட்டர பாவிக்கணுமே.

"தங்கச்சி, வேர்க்காம வாற சல்லியில பரக்கத் இல்ல. சும்மா வாறது சும்மா போகும்" அப்படின்னாரு.

"இது அன்பளிப்பு நானா."

அவரு சிரிச்சாரு. எனக்குப் பயப்படத் தோணல.

நோட்ட கார்பன் தாள்ல சுத்தி, பழைய சஞ்சிகைத் தாள் ரெண்டுக்கு நடுவுல வச்சு அனுப்பணும், அப்பத்தான் வெளிச்சத்துல புடிச்சாலும் தெரியாதுன்னு அந்தப் பக்கத்துல விவரமா போட்டிருந்துச்சு. அப்படியே செஞ்சு கைப்பையில வச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். அந்த நாள்ல டவுனுக்குள்ள போற பஸ்ஸ நிறுத்தி எல்லாரையும் எறக்கித்தான் விடுவாங்க. தமிழ் ஆள்னு அடையாள அட்டையில தெரிஞ்சா பைய ரெண்டு தடவ பாப்பாங்க. ஒரு ஆமிக்காரப் புள்ள, என் வயசுதான் இருக்கும், கவர எடுத்து அமுக்கிப் பாத்து, என்னன்னு சிங்களத்துல கேட்டுச்சு. பரிசுன்னேன். யாருக்குன்னு கேட்டுச்சு. அமெரிக்காவுல ஒரு அக்காவுக்குன்னேன். என் மூஞ்சிய பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருச்சு. எத்தனையோ பேர் சோத்துப் பொட்டலத்தக் கூட பிரிச்சுப் பாத்தவங்க, அன்னைக்கி அந்தக் கவரப் பிரிச்சிருக்கக் கூடாதா? இன்னைக்கும் அந்தப் புள்ள மேல எனக்குக் கோபம் இருக்கு.

மூணு வாரத்துல மெயில் வந்துச்சு. ஒன் அன்பளிப்பு கெடச்சது, எங்க குடும்பத்துக்கு ஒன்ன வரவேற்கிறேன்னு எழுதியிருந்தா. அத அச்செடுத்து லயத்துல வாசிச்சுக் காட்டினேன். எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா மட்டும் கொப்பிய எடுத்துச்சு. செஞ்ச மொய்க் கொப்பியில கடைசி வரியா, "அமெரிக்கா அக்கா"ன்னு எழுதிச்சு. "வாங்கினத ஒத்துக்கிட்டா. ஒழுங்கான பொம்பளதான்"ன்னுச்சு.

அதுக்குப் பெறகு நான் செஞ்ச விளம்பரத்த நெனச்சா இப்ப சிரிப்புக் கூட வர மாட்டேங்குது. கடை பூட்டுற முன்னாடி ஒரு மணித்தியாலம் நானா விடுவாரு. போன் லைன்ல நெட், ஒரு பக்கம் தெறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சு முடிச்சுடலாம். இலவசமா விளம்பரம் போட விடுற பலகைன்னு எங்கெங்கயோ இருந்துச்சு, எல்லாத்துலயும் ஒட்டினேன். ஒரே விளம்பரத்த ஒட்டினதுல என் மெயில் ரெண்டு தடவ பூட்டிக்கிச்சு. ஒன் சொந்தக் கதையச் சொல்லு, அப்பத்தான் நம்புவாங்கன்னு பட்டியல்ல இருந்துச்சு. சொன்னேன். லயத்துல இருக்கறேன், அம்மா ரப்பர் பால் வெட்டுறாங்க, மாத்தளை, ஸ்ரீலங்கா. உண்மையச் சொன்னா நம்புவாங்கன்னு எழுதினவன் சொன்னது பொய்யில்ல. நம்பினாங்க. நம்பினதாலதான் ஒருத்தரும் அனுப்பல. சண்டை நடக்கற நாட்டுக்கு யாரு சல்லிய கவர்ல போட்டு அனுப்புவா? ஒரு கெழவன் உங்களுக்காக ஜெபம் பண்றேன்னு எழுதினாரு. ஒருத்தன் என் போட்டோ கேட்டான். இன்னொருத்தன் என்னையே அவனோட பட்டியல்ல சேரச் சொன்னான், அவனும் நூத்தம்பது டொலருதான் கேட்டான்.

ஒரு நாள் அந்தப் பக்கத்தத் தெறந்தா, பக்கமே இல்ல. அமெரிக்காக்காரிக்கு எழுதின மெயில் திரும்பி வந்துச்சு. நான் கம்பியூட்டர அணைச்சேன், மேசையத் தொடச்சேன், பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அழுக வரல. கால் மரத்துப் போனா ஊன்றினாலும் தரை தெரியாதே, அப்படி இருந்துச்சு. சாப்பிட்டேன், தூங்கினேன். அது நாள்கணக்கா அப்படியேதான் இருந்துச்சு.

லயத்துல சொல்லணும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நெனப்பேன். அவங்க கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். ஆனா யாருமே கேக்கல. அத்த கேக்கல, மத்த பதிமூணு பேரும் கேக்கல. தண்ணிப் பீலியில நின்னா "டவுன்ல என்னடி வெல"ன்னு கேப்பாங்க, ஆயிரம் ரூவாயப் பத்தி ஒரு பேச்சு வராது. நல்ல மனுஷங்க, மன்னிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். வெக்கமாவும் இருந்துச்சு, சொகமாவும் இருந்துச்சு. அப்படியே ஒரு வருஷம் ஓடிப் போச்சு.

எனக்குக் கலேவெலயில மாப்பிள்ளை அமைஞ்சுச்சு. மரக்கறி மொத்தக் கடையில நிக்கிறவரு, அதிகம் பேசாத மனுஷன். எனக்கும் அப்ப பேச ஒண்ணும் இல்ல, சரின்னேன். அம்மாதான் பறந்துச்சு. மாட்டுக்காரனுக்கு ஐயாயிரம் அட்வான்ஸ் குடுத்துச்சு, சித்தப்பாவக் கொட்டிலுக்கு கால் நடச் சொல்லுச்சு. பத்திரிகை அடிச்சு வந்த அன்னைக்கி, ஒண்ண எடுத்து என் கையில தந்துச்சு.

"இத அந்த அமெரிக்காக்காரிக்கு அனுப்பு."

"அம்மா, ஒனக்குப் பைத்தியமா?"

"மொய் வாங்கினவளா இல்லையா? நாம பத்திரிகை வைக்காம விட்டா தப்பு நம்ம மேல வந்துரும். வச்சுட்டம்னா அவ வர்றதும் வராததும் அவ பாடு."

அப்பவும் அந்தப் பக்கமே இல்லாமப் போனத நான் சொல்லல. தமிழ்ப் பத்திரிகையோட பின்னால இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதி, பழைய விலாசத்துக்கு ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன்.

கல்யாணம் தோட்டத்து மாதா கோயில்ல. வெளியூர்ல இருந்து வந்து தங்கினவங்க பேரெல்லாம் பொலிஸ்ல குடுத்தாச்சு. லயத்து வாசல்ல பந்தல், தென்னங்குருத்துத் தோரணம், ஆட்டுக்கறிச் சோறு. பந்தல் முகப்புல மேசை போட்டு ஸ்கூல் மாஸ்டர் மொய் எழுத உக்காந்தாரு. பேரும் தொகையும் மைக்குல வாசிக்கறது எங்க வழக்கம். அம்மா ஒரு புதுக் கொப்பிய, சிலுவை போட்டு, ரெண்டு கையாலயும் கொண்டு போயி அவரு முன்னாடி வச்சுச்சு. அன்னைக்கி அம்மா மொழங்கால் வலின்னே சொல்லல.

மொதல்ல அத்த வந்துச்சு. என் கன்னத்தத் தடவி "நல்லா இரு புள்ள"ன்னுச்சு. பெறகு மேசைக்குப் போச்சு.

"சொல்லுங்கக்கா, எவ்வளவு?"

"ஆயிரம் எழுதிக்குங்க மாஸ்டர். பொண்ணு கையிலேயே குடுத்தாச்சு. போன வருஷம் தட்டு வச்சு வாங்கிக்கிட்டாளே, அந்தக் கம்பியூட்டர் மொய்."

மாஸ்டர் என்னப் பாத்தாரு. நான் தலைய ஆட்டினேன். வேற என்ன செய்ய? அவரு மைக்குல வாசிச்சு எழுதினாரு. அத்த நிம்மதியா சாப்பிடப் போச்சு. அதுக்கு மனசுல ஒரு கள்ளமும் இல்ல. அப்பத்தான் எனக்கு வெளங்கிச்சு, ஒரு வருஷமா ஒருத்தியும் ஏன் கேக்கலன்னு. அவங்களுக்கு அது தொலஞ்ச சல்லி இல்ல. தட்டு வச்சேன், வெத்தல வச்சேன், பேர் எழுதினேன். வயசுக்கு வந்த பொண்ணு விசேஷம் எதுன்னு சொல்லாம மொய் கேட்டா, வேற எதுக்குக் கேப்பா? அம்மாவுக்குத் திருப்ப வேண்டிய மொய்ய முன்கூட்டியே செஞ்சிட்டோம்னு அவங்க பாட்டுக்கு இருந்திருக்காங்க.

ஒருத்தர் பின்னால ஒருத்தரா பதினாலு பேரும் வந்தாங்க. ஆயிரம், பொண்ணு கையில. ஆயிரம், பொண்ணு கையில. மைக்குல அது மலைக்கே கேட்டுருக்கும். அம்மா மேசைக்குப் பக்கத்து வாங்குல உக்காந்திருந்துச்சு. ஏழாவது பேர் வரைக்கும் உக்காந்திருந்துச்சு. பெறகு எந்திரிச்சு, பந்தியில தண்ணி ஊத்தப் போயிருச்சு. நான் மணவறையில பூவும் மாலையுமா உக்காந்து அதோட முதுகப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒண்ணுமே தோணல. பக்கத்துல இருந்த மனுஷன் தண்ணி வேணுமான்னு கேட்டாரு, வேணாம்னேன்.

கொப்பி நெறஞ்சுச்சு, தட்டு நெறயல. வெளியூர்ச் சொந்தம் வச்சது ஆட்டுக்கும் அரிசிக்கும் சரியாப் போச்சு. மாட்டுக்காரன் அட்வான்ஸத் திருப்பித் தரல. திங்கக்கெழம விடிய அம்மா வாளியத் தூக்கிக்கிட்டு பிரட்டுக்குப் போச்சு. கணக்கப்பிள்ளை, "என்ன, பேர வெட்டிக்கிட்டுப் போறேன்னீங்க?"ன்னு கேட்டாராம். "இன்னும் கொஞ்ச நாளைக்கி இருக்கட்டும்"ன்னுச்சாம். இத எனக்கு அத்ததான் பெறகு சொல்லுச்சு, சிரிச்சுக்கிட்டே.

அதோட முடியல. எழுதின மொய் எழுதினதுதான். பதினாலு வீட்டு ஆயிரமும் எங்க கொப்பியில வந்த மொய்யா ஏறிடுச்சு. இனி அந்த வீடுகள்ல விசேஷம்னா, கண்ணால காணாத அந்தச் சல்லிக்கு மேல வச்சு அம்மாதான் செய்யணும். விட்டுத் தொலைன்னேன் நான். "பதினாலு பேரும் வந்து நம்ம பந்தல்ல கை நனச்சாங்க. நம்ம கொப்பி அது"ன்னுச்சு. என்ன ஒரு வார்த்த திட்டல. திட்டியிருக்கலாம். செருப்பால அடிச்சிருந்தாக்கூட எனக்கு எங்கயாச்சும் வலிச்சிருக்கும்.

ரெண்டு மாசம் கழிச்சுக் கலேவெலயில இருந்து அம்மாவப் பாக்க வந்து, ஒரு ராத்திரி தங்கினேன். விடிய எந்திரிச்சப்ப அம்மா பிரட்டுக்குக் கெளம்பி நின்னுச்சு. தகரப் பெட்டியில இருந்து ஒரு கவர எடுத்துத் தந்து, "நீ வந்தா வாசிக்கச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்"ன்னுச்சு. அந்தக் கல்யாணப் பத்திரிகைதான். அமெரிக்கா வரைக்கும் போயித் திரும்பி வந்திருந்துச்சு. மேல ஒரு முத்திரை குத்தியிருந்தாங்க.

"என்ன போட்டிருக்கு?"

"அந்த விலாசத்துல ஆள் இல்லையாம். போன எடமும் தெரியலையாம்."

அம்மா கவர வாங்கி, செஞ்ச மொய்க் கொப்பியில கடைசிப் பக்கத்துல வச்சு மூடுச்சு. பெட்டியப் பூட்டி, கத்திய இடுப்புல சொருகிச்சு. வாளியத் தூக்கிக்கிட்டு வாசல்ல எறங்கினப்பத்தான் சொல்லுச்சு.

"பேர வெட்டிக்கிட்டுப் போயிட்டா போல. குடுத்து வச்சவ."